மூடிய வானத்துக்குக் கீழே ஐந்து நாள்

பினாங்கிலிருந்து கூலிமுக்குப் போவது வெளிநாட்டுப் பயணமாக இருந்த காலம் ஒன்று உண்டு. ஜப்பான்காரர்கள் கெடாவைச் சயாமுக்குக் கொடுத்துவிட்டுப் பினாங்கைத் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள். படகில் கடலைத் தாண்டி, ரயிலில் கொஞ்ச தூரம் போய், ஒரு மூங்கில் தடுப்புக்கு முன்னால் முத்திரை வாங்கிக்கொண்டால் நாம் சயாமில் இருப்போம். அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் அதே ரப்பர்ப் பால்மரம், அதே மழை.

நான் அப்போது பினாங்கில் ஒரு ஜப்பானிய ராணுவ அலுவலகத்தில் எழுத்தர். வயது இருபத்தாறு. ஆங்கிலப் பள்ளியில் நன்றாகப் படித்தவன், ஜப்பானிய வகுப்புக்கும் போய்வந்தவன், பிழைக்கத் தெரிந்தவன் என்று பெயர். இப்போது எண்பத்தெட்டு. அந்தப் பயணத்தைப் பற்றி வாயால் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஓடாத பஸ்ஸையும் கிடைத்த சாப்பாட்டையும் சொல்லிக் கேட்டவர்களைச் சிரிக்கவைத்திருக்கிறேன். எதற்காகப் போனேன் என்பதைச் சொன்னதில்லை.

காரணம் ஒரு சின்ன விமானம். போருக்கு முன்பு வடக்கே விமானம் ஓட்டிப் பழகும் சங்கம் ஒன்று இருந்தது. தோட்டத்துத் துரைகளும் கொஞ்சம் வசதியுள்ள நம்மவர்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் பறப்பார்கள். வெள்ளைக்காரர்கள் ஊரை விட்டு ஓடியபோது சங்கத்து விமானம் ஒன்று கரங்கானுக்குப் பக்கத்துத் தோட்டத்தில் தங்கிப்போயிற்று. இரண்டு வருடம் கழித்துக் கண்டுபிடித்தார்கள். ராணுவ மெக்கானிக்குகள் வந்து எஞ்சினைச் சரிசெய்தார்கள். அதை அலோர் ஸ்டாருக்குக் கொண்டுபோக வேண்டும். அந்த ரக விமானத்தை ஓட்டத் தெரிந்தவர்களில் அகப்பட்டவர் ஒருவர்தான்: இராசரத்தினம். யாழ்ப்பாணத்துக்காரர், நில அளவையாளர், சங்கத்தின் பழைய உறுப்பினர். சர்வேயர் என்றே எல்லோரும் கூப்பிடுவார்கள்.

சுங்கை பட்டாணியில் விமானத் திடல் இருந்தது. அதற்கு மேலே உள்ள வானம் மூடிய வானம். ராணுவத்தின் சொந்த விமானங்களைத் தவிர வேறு எது வந்தாலும் சுடச்சொல்லி உத்தரவு. வானத்தில் வேலி கிடையாது. வரைபடத்தில் சிவப்பு வட்டம் போட்டிருந்தார்கள். சர்வேயருக்குச் சொன்ன வழி இது: கரங்கானில் கிளம்பி, கூலிமை இடக்கைப் பக்கம் விட்டு, பாடாங் செராயைத் தாண்டியதும் இடப்பக்கம் திரும்பிக் கடலுக்குப் போக வேண்டும், பிறகு கடலோரமாகவே வடக்கே. அவர் திரும்பவில்லை. நேரே போய்ச் சிவப்பு வட்டத்துக்குள் நுழைந்தார். சுட்டார்கள். இறக்கையில் ஓட்டையோடு தப்பி, கோலா கெடாவுக்குப் பக்கத்தில் ஒரு வயலில் இறங்கினார். அவரைப் பிடித்துப் பினாங்குச் சிறைக்குக் கொண்டுவந்தார்கள்.

வேவு பார்க்கத்தான் போனான் என்பது வழக்கு. வழி தவறிவிட்டது என்பது அவர் வாக்குமூலம். எங்கள் அதிகாரிக்கு அது நம்பும்படி இல்லை. “அந்த நிலங்களை அளந்து படம் போட்டவனே இவன்தான். அளந்தவன் வழி தவறுவானா?” என்று என்னிடம் கேட்டார். ஆனாலும் அவர் ஒழுங்கு பார்க்கிற மனிதர். பறந்த வழியில் கண்ட அடையாளங்களைச் சர்வேயர் பட்டியலாகச் சொல்ல வேண்டும், நான் அந்த வழியின் கீழே தரையில் போய் ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்து எழுதிவர வேண்டும், ஐந்து நாள்.

சிறையில் சர்வேயர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். பன்னிரண்டு அடையாளங்கள். பதினொன்று கண்டவை. பன்னிரண்டாவது, தேடியும் காணாதது.

“மழை தூறிக்கொண்டிருந்தது, தம்பி. ஆத்தைப் பாத்துத் திரும்பியிருக்கலாமே எண்டு கேக்கிறாங்கள். மழைக்காலத்தில கெடாவில எல்லா ஓடையும் ஆறு மாதிரித்தான் கிடக்கும். நான் மரத்தைத்தான் நம்பினனான். மேட்டுத் தோட்டத்தில பழைய காடு எண்டு ஒரு துண்டு. நாப்பது வருசப் பால்மரம். மேட்டில சதுரமா, சுத்தியிருக்கிற இளமரத்துக்கு நடுவில கறுப்பா நிக்கும். சங்கத்தில எல்லாரும் அதைக் கண்டுதான் திரும்புறது. நானே சங்கிலி பிடிச்சு அளந்த இடம்.”

“கண்டீங்களா, ஐயா?”

“காணேல்லை. இந்தா வருது, இந்தா வருது எண்டு நேரே போனன். மேகம் விலகினால் கீழ விமானத் திடல். நீர் போய்ப் பாரும். மரம் நடந்து போகாது. ஏதோ நடந்திருக்கு.”

நான் எழுதி முடித்ததும் ஒரு தடவை படித்துக்காட்டச் சொன்னார். ‘வழி தவறினேன்’ என்ற இடத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். “அதை எழுதத்தான் வெக்கமாக் கிடக்கு. எண்டாலும் எழுதும்” என்றார்.

ஆக, எல்லாம் அந்தப் பன்னிரண்டாவது வரியில் இருந்தது. பழைய காடு அங்கே நின்றால் அவர் சொன்னது பொய், தலை போகும். இல்லாவிட்டால் அவர் வீட்டுக்குப் போவார். அதிகாரி இதை மறைக்காமல் என்னிடம் சொல்லியிருந்தார்.

முதல் நாள் ஒரு பஸ்ஸோடு போயிற்று. பெட்ரோல் இல்லாத காலம். பஸ்ஸின் பின்னால் ஓர் இரும்புப் பீப்பாய். அதில் கரியைப் போட்டு எரித்து அந்தப் புகையில் ஓட்டினார்கள். மேடு வந்தால் ஆண்கள் இறங்க வேண்டும். பெரிய மேடு வந்தால் பெண்களும் இறங்கித் தள்ள வேண்டும். பஸ் ஏறுவதற்கு முன்பே, தடுப்பில் சயாமியப் போலீஸ்காரர் என் சீட்டில் முத்திரையைத் தலைகீழாகக் குத்தினார். அவருக்குப் பின்னால் நின்ற ஜப்பானியச் சிப்பாய் அதை வாங்கி நேராக ஒரு தடவை குத்தினான். நாடு யாருடையது என்பது எனக்கு விளங்கிவிட்டது.

பஸ்ஸில் ஒரு மலாய்க்கார அம்மா மடியில் வாத்தோடு இருந்தார். மூன்றாவது முறை இறங்கியபோது ஓட்டுநரிடம் மலாயில் சொன்னார்: “நடந்து போயிருந்தால் இந்நேரம் வாத்தை விற்றுவிட்டு வீடு திரும்பியிருப்பேன்.” ஓட்டுநர் கரியைக் கிளறிக்கொண்டே, “வாத்தையும் இறக்கிவிடுங்கள், அதுவும் தள்ளட்டும்” என்றார். அந்த அம்மா வாத்தை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

கூலிமில் இறங்கும்போது என் சட்டை கரிச்சட்டையாகியிருந்தது. கடைத்தெருவில் ராவுத்தர் ஒருவரின் சாப்பாட்டுக் கடை. உள்ளே நுழைந்ததும் சோறு கொதிக்கும் வாசனை. பினாங்கில் அப்போது மரவள்ளி மாவில் செய்த ஒரு பொருளை ரொட்டி என்று விற்றார்கள். சுவரில் எறிந்தால் சுவர்தான் யோசிக்கும். கெடா நெல் விளையும் நாடு. பஞ்சத்திலும் அங்கே அரிசி இருந்தது.

“தம்பி பினாங்கா?” என்றார் ராவுத்தர்.

“எப்படித் தெரியும், பாய்?”

“சட்டிய ஒரு மாதிரி பாக்கறீங்கள்ல. பினாங்குக்காரங்க எல்லாம் அப்பிடித்தான் பாக்கறாங்க. போன வாரம் ஒருத்தர் சோத்த முன்னால வச்சிக்கிட்டு அழுதுட்டாரு. கை அலம்பிட்டு வாங்க, அழுவறதா இருந்தா சாப்பிட்டுட்டு அழுவுங்க லா.”

நான் அழவில்லை. மீன்குழம்பு ஊற்றி மூன்று தட்டுச் சாப்பிட்டேன். வீட்டில் மனைவியும் கைக்குழந்தையும் இருந்தார்கள். சாப்பிட்டு முடித்த பிறகுதான் அவர்கள் நினைவு வந்தது. அதையும் எழுதிவைக்கிறேன்.

இரண்டாம் நாள் கரங்கான். ரப்பர் ஷீட் ஏற்றப்போன லாரியின் மேலே உட்கார்ந்து போனேன். விமானம் இருந்த தோட்டத்தில் சின்னப்பன் என்ற கங்காணி எனக்குத் துணையாக வந்தார். பால் ஷீட்டுகளைப் புகை போட்டு உலர்த்தும் பெரிய கொட்டகை ஒன்றைக் காட்டினார். துரை ஓடிய அன்று, இவர்கள் விமானத்தைக் கையால் தள்ளி அதற்குள் விட்டுச் சாக்குப் போட்டு மூடியிருக்கிறார்கள்.

“எதுக்கு மறைச்சீங்க?”

“மழையில நனையுதேன்னு லா. நம்ம வீட்டுப் பொருளு மாதிரி ஆயிடுச்சி. ரெண்டு வருசம் அதுல கோழிதான் பைலட்டு. சீட்டுல முட்ட போட்டு அடை காத்து குஞ்சு பொரிச்சிடுச்சிங்க. ஜப்பான்காரன் வந்து பாத்தப்ப குஞ்சு எல்லாம் கீச்சு கீச்சுன்னு கத்திக்கிட்டு வெளிய வருது. அவன் துப்பாக்கிய எடுத்துட்டான்.”

விமானம் எழும்பிய இடம் தோட்டத்துப் பந்துத் திடல். சர்வேயர் வந்து திடலை நடந்து அளந்தாராம். கல் பொறுக்கினாராம். ஆடுகளை விரட்டச் சொன்னாராம். “எந்தக் கொட்டாயில பொக வருதுன்னு கேட்டாரு. காத்து எந்தப் பக்கம்னு தெரியணுமாம். அப்புறம் ஏறிட்டாரு. வேப்பமரத்துக்கு மேல ஒரு சாண் ஒசரத்துல போனிச்சி. பொம்பளைங்க எல்லாம் கும்பிட்டுட்டாங்க” என்றார் கங்காணி.

ஆடு, திடல், தகரக் கூரை மசூதி, திடலுக்கு அப்பால் இரண்டு புகைபோக்கி. பட்டியலில் நான்கு வரிகளுக்கு எதிரே குறி போட்டேன். கங்காணி எட்டிப் பார்த்தார்.

“எல்லாம் சரியா இருந்தா விட்டுருவாங்களா, ஐயா?”

“கடைசி ஒன்று சரியாக இருந்தால் போதும்.”

“அப்ப பாத்துட்டு வாங்க. நாங்க தள்ளிவிட்ட ஏரோப்ளேனு. அவருக்கு ஒண்ணு ஆச்சின்னா எங்களுக்கும்தான் மனசு கேக்காது.”

மதியம் அவர் வீட்டில் அவித்த மரவள்ளியும் நெத்திலிச் சம்பலும் கொடுத்தார்கள். பினாங்கில் தின்ற அதே கிழங்குதான். இங்கே அது பூப்போல வெந்திருந்தது.

மூன்றாம் நாள் கூலிமிலிருந்து பாடாங் செராய்க்குச் சைக்கிளில் போனேன். ராவுத்தர் கொடுத்த சைக்கிள். டியூப் கிடைக்காத காலமானதால் டயருக்குள் கயிற்றைத் திணித்திருந்தார்கள். ஒரு மைல் போவதற்குள் கயிறு ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும், சக்கரம் நொண்டும். இறங்கி, கயிற்றைத் தட்டி, மறுபடி ஏற வேண்டும். மழை வேறு. வழியில் ஓர் இரும்புப் பாலம், குன்றின்மேல் சீனர் இடுகாடு, ஒரு சீனப் பள்ளிக்கூடம். மூன்றும் சர்வேயர் சொன்ன இடத்தில் இருந்தன. மேலே ஒரு நொடியில் கடந்ததைக் கீழே நான் அரை நாளில் கடந்தேன்.

ஒரு மரத்தடியில் சயாமியப் போலீஸ்காரர் ஒருவர் வரைபடத்தை விரித்துவைத்துக்கொண்டு நின்றார். புதிதாக வடக்கேயிருந்து அனுப்பப்பட்டவர். எழுத்தெல்லாம் சயாம் எழுத்து. கையாட்டி என்னைக் கூப்பிட்டு, படத்தில் எங்கே இருக்கிறோம் என்று காட்டச் சொன்னார். மழையில் சாலையைத் தவறவிட்டு, காலையிலிருந்து ஒரே தோட்டத்தை இரண்டு முறை சுற்றியிருக்கிறார். நான் விரலை வைத்தேன். அவர் சிரித்து, மூங்கில் குழாயில் வேகவைத்த பசையரிசிச் சோற்றை உடைத்துப் பாதி கொடுத்தார். தேங்காய்ப்பால் மணம். இருவரும் நின்றபடியே தின்றோம். வழி தவறுவது அந்த நாட்டில் அவ்வளவு சாதாரணமான காரியமாக இருந்தது.

பாடாங் செராயில் மிச்ச நான்கு அடையாளங்களையும் பார்த்துவிட்டேன். கோயில் குளம், எரிந்துபோன சந்தைக் கூரை, தண்ணீர்த் தொட்டி, இரட்டைப் பனை. பதினொன்றும் சரி. பள்ளிக்கூட வராந்தாவில் படுத்து நன்றாகத் தூங்கினேன்.

நான்காம் நாள் காலை மேட்டுத் தோட்டத்துக்கு மாட்டுவண்டி கிடைத்தது. வண்டிக்காரர் மாரிமுத்து என் கால்சட்டையைப் பார்த்துவிட்டு மரியாதையாகப் பேசினார்.

“தோட்டத்துல யார பாக்கணுங்க?”

“யாரையும் இல்லை. பழைய காட்டைப் பார்க்க வேண்டும்.”

“பழைய காடா? அது போயி ஒரு வருசத்துக்கு மேல ஆச்சிங்களே.” மாட்டை அதட்டிவிட்டுத் தொடர்ந்தார். “அடியோட வெட்டிட்டாங்க. கரி சுட்டு வித்தாச்சி. நீங்க கூலிமுக்கு வந்த பஸ்ஸே அந்த மரத்துலதான் ஓடியிருக்கும். இப்ப அங்க பூரா கெழங்கு.”

என் மனம் லேசானது. சர்வேயர் சொன்னது உண்மை. நேரில் பார்த்து ஒரு வரி எழுதினால் முடிந்தது. வண்டிக்காரருக்கு ஒரு சுருட்டுக் கொடுத்தேன். அவர் அதைக் காதில் செருகிக்கொண்டார்.

தோட்டத்துக்குத் துரை இல்லை. கிராணி வேலாயுதம்தான் எல்லாம். கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர் தோட்டத்தையே நடத்த வேண்டியதாகிவிட்டது. ஐம்பது வயதிருக்கும். நெற்றியில் திருநீறு, காலில் சேறு. நான் பினாங்கிலிருந்து வருகிறேன் என்றதும் வேறு எதையும் கேட்கவில்லை. “மொதல்ல சாப்பிடுங்க, தம்பி” என்று உள்ளே குரல் கொடுத்தார். எனக்கு அப்போதே விளங்கியிருக்க வேண்டும். அவ்வளவு சீக்கிரம் கோழி அடிக்கிறவர்கள் எதையாவது மறைக்கிறவர்கள்.

கோழிக் குழம்பு, கருவாட்டு வறுவல், பப்பாளிக்காய்ப் பொரியல், ரசம், வெள்ளை வெளேரென்று சோறு. அவர் மனைவி கதவுக்குப் பின்னால் நின்று, இலை காலியாகும்போதெல்லாம் வந்து போட்டுவிட்டுப் போனார். போரில் நான் சாப்பிட்ட சாப்பாடுகளில் அதுதான் சிறந்தது. இன்றும் அதன் ருசி தெரிகிறது.

கை கழுவிவிட்டு வராந்தாவில் உட்கார்ந்தோம். விஷயத்தைச் சொன்னேன். கிராணி சுவரிலிருந்து தோட்டத்துப் படத்தை இறக்கி மேசையில் விரித்தார்.

“தோ, பழைய காடு. படத்துல இருக்குல்ல? எழுதிக்குங்க.” கீழ்மூலையில் படம் வரைந்தவரின் கையெழுத்து இருந்தது. சர்வேயருடையது.

“நேரில் பார்க்க வேண்டும்.”

“என்னா பாக்கப்போறீங்க? மரம்தான். மரத்த நீங்க பாத்ததே இல்லியா?”

“அங்கே மரம் இல்லை என்று வண்டிக்காரர் சொன்னார்.”

கிராணி படத்தை மெதுவாகச் சுருட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தாமல் சாதாரணமாகவே சொன்னார்.

“வெட்ட உத்தரவு கெடையாது, தம்பி. நான்தான் வெட்டச் சொன்னேன். இங்கேருந்து சயாம் ரயில் ரோட்டுக்கு ஆம்பளைங்கள லாரில ஏத்திக்கிட்டுப் போனானுங்க. ஒருத்தனும் திரும்பி வரல. மிச்சம் நாப்பது குடும்பம், பூரா பொம்பளைங்க. அதுங்க தின்றது அந்தக் கெழங்குதான். மரத்த எண்ணுறதுக்குப் பினாங்குலேருந்து ஆளு வந்தா, சோத்தப் போட்டு வேற காட்டக் காட்டி அனுப்பிச்சிடுவேன். நீங்க மரம் இல்லேன்னு எழுதினா மொதல்ல என்னைய புடிப்பான். அப்புறம் கங்காணிங்கள. கெழங்க புடுங்கிப் போட்டுட்டு மரத்த நடச் சொல்லுவான்.”

“மரம் இருக்கிறதென்று எழுதினால் சர்வேயர் போய்விடுவார்.”

“அவரு படிச்சவரு. அவருக்காகப் பேச நாலு பெரிய மனுசங்க இருப்பாங்க. பயமுறுத்தி வச்சிருந்துட்டு விட்டுருவானுங்க. கெராணிய அப்பிடி விடுவானா?”

விட்டுவிடுவார்கள் என்று அவரும் நம்பவில்லை, நானும் நம்பவில்லை. ஆனால் அந்த வாக்கியம் எங்கள் இருவருக்கும் தேவைப்பட்டது. அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் மனைவி ஒரு சின்னச் சாக்கில் அரிசியும், ஓலையில் சுற்றிய கருவாடும் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

வராந்தாவுக்கு எதிரே, கோழிக்கூட்டைத் தாண்டி, மேட்டுக்கு ஏறும் பாதை தெரிந்தது. பழைய காடு கால் மணி நேர நடை. மழை விட்டிருந்தது. நான் போகவில்லை.

பார்க்காமல் எழுதினால் அது பொய்யாகாது என்று எனக்கு நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். பார்த்துவிட்டு இருக்கிறது என்று எழுதினால்தானே பொய். ஆங்கிலத்தில் நல்ல வாக்கியம் ஒன்று தயார் செய்தேன்: ‘தோட்ட அலுவலகத்தின் வரைபடப்படியும் கிராணியின் கூற்றுப்படியும் மேற்படி மரங்கள் உள்ளன.’ அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பள்ளிக்கூடத்தில் எனக்கு ஆங்கிலக் கட்டுரைக்குப் பரிசு கிடைத்திருக்கிறது.

பிற்பாடு பல வருடம் அந்த நாற்பது குடும்பங்களைக் காப்பாற்றவே அப்படிச் செய்தேன் என்று நினைத்துக்கொண்டேன். வசதியான நினைப்பு. உண்மை அதுவல்ல. அன்று மாலை வண்டியில் திரும்பும்போது நான் யோசித்ததெல்லாம் அரிசிச் சாக்கைத் தடுப்பைத் தாண்டி எப்படிக் கொண்டுபோவது என்பதுதான்.

ஐந்தாம் நாள் அந்த யோசனையே தேவையில்லாமல் போயிற்று. ராணுவ அலுவலகச் சீட்டைக் காட்டியதும் சாக்கை யாரும் திறக்கவில்லை. எனக்குப் பின்னால் நின்ற சீனப் பெண்ணின் துணிமூட்டையை உதறி, அதிலிருந்த ஒரு கை அரிசியைத் தரையில் கொட்டினார்கள். அவர் குனிந்து பொறுக்கினார். நான் ரயிலைப் பிடிக்க வேண்டியிருந்தது.

அறிக்கையைக் கொடுத்தேன். அதிகாரி பதினொரு வரிகளையும் வேகமாகப் படித்தார். பன்னிரண்டாவதில் நின்றார். அவருடைய ஆங்கிலம் குறைவு. ஆனால் அந்த வாக்கியத்தில் ஏதோ ஒன்று விட்டுப்போயிருப்பதை அவர் கண்டுகொண்டார்.

“நீ பார்த்தாயா?”

“பார்த்தேன்.”

என் சட்டமெல்லாம் அந்த ஒரு சொல்லோடு முடிந்தது.

அவர் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “மரம் இல்லாமல் இருக்கும் என்று நினைத்தேன்” என்றார். பிறகு முத்திரை குத்தினார்.

அரிசி எங்களுக்கு மூன்று வாரம் வந்தது. குழந்தைக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தோம். முதல் வாரத்தில் ஒரு நாள், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எனக்கு ஒன்று தோன்றியது. பால்மரத்துக்கு வேர்நோய் வரும். ஒரு மரத்துக்கு வந்தால் பக்கத்து மரங்களுக்கும் பரவும். காட்டையே வெட்டி எரிப்பது எல்லாத் தோட்டங்களிலும் வழக்கம். அதற்கு யாரிடமும் உத்தரவு கேட்பதில்லை. ‘வேர்நோயால் மரங்கள் வெட்டப்பட்டுவிட்டன’ என்று எழுதியிருக்கலாம். கிராணி பிழைத்திருப்பார். கிழங்கு பிழைத்திருக்கும். சர்வேயரும் வீட்டுக்குப் போயிருப்பார். தோட்டங்களுக்கு நடுவிலேயே வளர்ந்த எனக்கு அது நான்காம் நாள் வராந்தாவில் தோன்றவில்லை. தோன்றாததற்குக் காரணம் நான் தேடவில்லை என்பது மட்டும்தான்.

மறுநாள் காலை அலுவலகத்துக்குச் சீக்கிரமாகவே போனேன். அதிகாரியிடம் என்ன சொல்வது என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். மேசையில் சிறையிலிருந்து வந்த தாள் இருந்தது. சர்வேயர் பெயரின் குறுக்கே கோடு. முந்தின நாள் கொண்டுபோயிருந்தார்கள். உடலை வீட்டாருக்குக் கொடுக்கவில்லை. அதிகாரியிடம் வணக்கம் சொல்லிவிட்டு என் இடத்தில் உட்கார்ந்தேன்.

போர் முடிந்து வெள்ளைக்காரர்கள் திரும்பி வந்தார்கள். கட்டடம் அதேதான், கொடி மட்டும் வேறு. நானும் அதே மேசையில் இருந்தேன். ஜப்பானியரை எதிர்த்து உயிர்விட்டவர்களின் பிள்ளைகளுக்குப் பள்ளியில் சம்பளமில்லாமல் இடம் தருவதாக அறிவிப்பு வந்தது. ஒரு நாள் மாலை, நல்ல ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுதித் தருபவர் இவர்தான் என்று யாரோ சொல்லி, ஒரு பெண்மணி என் முன்னால் வந்து உட்கார்ந்தார். வெள்ளைச் சேலை. சர்வேயரின் மனைவி.

நான் யாரென்று அவருக்குத் தெரியாது.

“இரண்டு பொம்பிளைப் பிள்ளையள், தம்பி. இவர் வேவு பாக்கப் போய்த்தான் செத்தவர் எண்டு ஊரெல்லாம் சொல்லுகினம். பேப்பரில போடப்போறமெண்டும் கேட்டவை. எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. அவரால ஒரு ரகசியமும் வச்சிருக்கேலாது. தீபாவளிக்கு என்ன சீலை எடுத்தவர் எண்டு ஒரு கிழமைக்கு முன்னமே சொல்லிப்போடுவார்.”

எழுதினேன். தம் உயிரைப் பொருட்படுத்தாமல், எதிரியின் விமானத் திடலை உளவறியும் நோக்கத்தோடு, வேண்டுமென்றே அவர் தடைசெய்த வானத்துக்குள் பறந்தார் என்று எழுதினேன். ஒரே விஷயத்தைப் பற்றி நானே வாக்கியம் அமைத்து எழுதிய இரண்டாவது தாள் அது. தமிழில் சொல்லிக் காட்டினேன். அவர் கவனமாகக் கேட்டார்.

“இப்பிடி எழுதினாத்தான் பிள்ளையளுக்குக் கிடைக்குமோ?”

“ஆமாம், அம்மா.”

“அப்ப இருக்கட்டும்.” பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். “ஆனால் உமக்குச் சொல்லுறன். அவர் வழி தவறித்தான் போயிருப்பார். கலியாணத்தண்டே தெரு மாறிப் போய் முகூர்த்தம் பிந்திப்போச்சு. ஊரையெல்லாம் அளந்த மனுசன் எண்டு பேர். ஆரிட்டையும் வழி கேக்கமாட்டார்.” சிரித்தார். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

எழுந்தவர் கதவருகே நின்றார்.

“தம்பி, அந்த நேரம் ஆரோ ஒருத்தர் கெடாவுக்குப் போய்ப் பாத்துவந்து எழுதிக் குடுத்தவராம். சிறையில இருந்து இவர் ஒரு கடதாசித் துண்டில எழுதி அனுப்பினவர்: பாக்கப் போன பெடியன் நல்ல பெடியன், எல்லாத்தையும் விளங்கிக்கொண்டான், பயப்பிடாதை எண்டு. அந்த ஆள் இப்ப எங்க எண்டு உமக்குத் தெரியுமோ? அங்க என்ன கண்டவர் எண்டு மட்டும் கேக்கவேணும்.”

“தெரியாது, அம்மா” என்றேன்.

அவர் தலையசைத்துவிட்டுப் படியிறங்கினார். வாசலில் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் கொஞ்சம் நின்றார். பிறகு அங்கே இருந்த காவல்காரரிடம் வழி கேட்டுக்கொண்டு போனார்.